பட்டனுக்கு ஒன்றுமில்லை

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மருமகள் எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகன் வீட்டைவிட்டுப் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி எழுத இந்தக் காகிதம் போதாது. போகிற மனுஷன் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு நாய்க்குட்டியை வாங்கிவந்தார். "நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னாடி தனியா உட்கார்ந்திருக்கே, உனக்கு ஒரு துணை" என்றார். நானும் வெள்ளந்தியாகச் சிரித்தேன். பெட்டி கட்டும்போது சட்டை, ரேடியோ, நகவெட்டி எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. இந்தக் குட்டி மட்டும் வரவில்லை.

எனக்கு நாயும் தெரியாது பூனையும் தெரியாது. நேற்றிலிருந்து இதற்கு வயிற்றால் போகிறது. முன்னறை முழுக்க வாடிக்கைக்காரர்களின் திரைச்சீலைத் துணி. துணியைத் தூக்குவதா, இதைத் தூக்குவதா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். என்ன கொடுக்கலாம் என்று எழுதுங்கள். போன் செய்யலாம்தான். உங்களுக்குக் காது மந்தம், எனக்கு உங்கள் குரலைக் கேட்டால் அழுகை வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பேச்சு நடக்காது.

முக்கியமான விஷயம்: இது உங்கள் மகனின் நாய். அவரிடம் சொல்லி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்

---

ஜனவரி 13

மருமகளுக்கு,

வயிற்றுப்போக்குக்குத் தபாலில் மருந்து கேட்ட முதல் ஆள் நீதான். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்தக் குட்டி பிழைத்திருக்கும், அல்லது போயிருக்கும். பிழைத்திருந்தால் முதலில் நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. அதுவரை வெறும் சோறு, உப்புப் போடாமல் வேகவைத்த கோழி, நிறைய தண்ணீர். பால் கொடுக்காதே. கொடுத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. நாய் முடி பட்டால் எனக்கு இழுப்பு வந்துவிடும். உன் கடிதத்தோடு இரண்டு முடி ஒட்டிக்கொண்டு வந்தது, பிரித்ததும் தும்மித் தீர்த்தேன். என் மகனிடம் சொல்லச் சொல்கிறாய். அவன் என் போனையே எடுப்பதில்லை. எடுத்தால் என்ன கேட்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

இன்னொன்று. "வயிற்றால் போகிறது, கை ஓடவில்லை" என்று எழுதினால் எனக்கு என்ன புரியும்? வார்டில் ஷிப்ட் மாறும்போது நாங்கள் ஒரு வரிசையில்தான் சொல்வோம். என்ன சாப்பிட்டது, எவ்வளவு குடித்தது, எப்படி வெளிக்குப் போனது, எவ்வளவு தூங்கியது. இந்த நாலும் முடிந்த பிறகுதான் நம் பயத்தைச் சொல்லலாம். அழுதுகொண்டு வருகிற புது நர்ஸுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். நாலையும் சொல்லி முடிப்பதற்குள் பாதி பயம் போய்விடும். நீயும் இனி அப்படியே எழுது.

நீ சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாய்.

அத்தை

---

ஜனவரி 21

அத்தைக்கு,

சாப்பாடு: சோறும் கோழியும், தட்டையும் சேர்த்துத் தின்னப் பார்த்தான். தண்ணீர்: கிண்ணத்தில் பாதி குடித்தான், பாதியில் நீச்சல். வெளிக்கு: கெட்டியாகிவிட்டது, ஆனால் கீழே வருகிறது பாருங்கள். தூக்கம்: மெஷின் ஓடினால் தூங்குகிறான், நிறுத்தினால் எழுந்துவிடுகிறான். அதனால் தைக்க ஒன்றுமில்லாதபோதும் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி என் பயம். வெளிக்குப் போனதில் புழு! வெள்ளையாக, நெளிந்துகொண்டு. எனக்கு உயிரே இல்லை. துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்த டாக்டர் அசையவே இல்லை. "குட்டின்னா புழு இருக்கத்தாங்க செய்யும். நீங்க உட்காருங்க முதல்ல" என்றார். மாத்திரை கொடுத்தார். கோழிக்குள் வைத்துக் கொடுத்தேன். கோழியைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்பில் துப்பினான். வாயைத் திறந்து நாக்குக்குப் பின்னால் தள்ளி, தொண்டையைத் தடவி, ஒருவழியாக முழுங்கவைத்தேன். பிறகு விக்கல் வந்தது. விக்கலுக்கும் ஓடினேன். டாக்டர் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

பெயர் வைத்துவிட்டேன். பட்டன். இரண்டு கண்ணும் மூக்கும் கறுப்புப் பட்டன் தைத்த மாதிரி இருக்கிறது. உங்கள் மகன் வரும்வரை கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே.

மருமகள்

---

ஜனவரி 27

தையல்காரிக்கு,

நாயை அவன் இவன் என்று எழுதாதே. அது. நம்மிடம் தங்காத ஒன்றுக்கு மரியாதை வேறு.

புழு எல்லாக் குட்டிக்கும் உண்டு, என் மகனுக்கும் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற மாதிரி நீ விக்கலுக்கெல்லாம் ஓடினால் அந்த டாக்டர் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார். உடம்பு சுட்டால் குழந்தைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் மருந்து அரை ஸ்பூன் கொடுத்துப் பார். அதற்கும் போய் நிற்காதே.

வரிசையில் எழுதியிருந்தாய். நன்றாக இருந்தது.

அத்தை

---

பிப்ரவரி 18

அத்தைக்கு,

நாலும் சரியாக இருக்கிறது, நம்புங்கள். நேரே சண்டைக்கு வருகிறேன்.

போன வாரம் பட்டனின் காது சுட்டது. உங்கள் அரை ஸ்பூன் மருந்தை ஊற்றி வைத்துக்கொண்டு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று டாக்டருக்கு போன் செய்தேன். மனுஷன் முதல் தடவையாகக் கத்தினார். "கீழ கொட்டுங்க அதை! நம்ம காய்ச்சல் மருந்து நாய்க்கு ஆகவே ஆகாதும்மா. யாரு சொன்னது?" உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன். நாய்க்கு நம்மைவிட உடம்பு எப்போதும் சூடாகத்தான் இருக்குமாம். காய்ச்சலே இல்லை. வெயிலில் படுத்திருந்திருக்கிறான்.

அது போகட்டும். நான் செய்தது அதைவிட மோசம். நேற்றுக் காலை வெளியே கூட்டிப்போனேன். வேலை முடிந்து வந்தான், பின்னால் ஒரு நீல நூல் தொங்கியது. தெருக்கோடிப் பெரிய வீட்டுக்காரரின் திரைச்சீலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த அதே நூல். நூற்கண்டை எப்போது தின்றானோ. எனக்குத் தொங்குகிற நூலைக் கண்டால் கை சும்மா இருக்காது, பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையில் தொங்கினாலே எடுத்துவிடுவேன். யோசிக்கவே இல்லை, பிடித்து இழுத்துவிட்டேன். வீல் என்று ஒரு கத்து கத்தினான். அந்தக் கத்தலில் கையை விட்டேன்.

"இழுக்கவே கூடாது. தெரியறதை மட்டும் வெட்டிட்டு நேரா இங்க வரணும். இழுத்தா உள்ள குடல்..." என்று டாக்டர் ஆரம்பித்தார். மிச்சம் எனக்கே தெரியும் அத்தை. துணிக்குச் சுருக்கு வைக்கும்போது ஒரு நூலை ஓட்டிவிட்டு அதைத்தானே இழுக்கிறோம்? துணி முழுக்கக் கூடி வரும். அதையே நான் அவன் வயிற்றுக்குள் செய்யப் பார்த்தேன். படம் எடுத்துப் பார்த்தார்கள், சிக்கவில்லை. இன்று மிச்ச நூல் தானாக வந்துவிட்டது. ஆனால் எனக்கு இன்னும் நிலைகொள்ளவில்லை. கத்தரிக்கோலைத் தொட்டால் அந்தக் கத்தல் கேட்கிறது. கண்ணில் படுகிற நூலையெல்லாம் டப்பாவில் போட்டு மூடுகிறேன், மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்க்கிறேன்.

நீங்கள் இப்படி ஏதாவது செய்ததுண்டா?

மருமகள்

---

பிப்ரவரி 24

அம்மாடி,

காய்ச்சல் மருந்து விஷயத்தில் உனக்கு முகம் காட்டவே எனக்கு வெட்கம். இத்தனை வருஷம் வார்டில் நின்றவள் என்கிற திமிர். எனக்குத் தெரிந்தது குழந்தை, நாய் இல்லை. இனி மருந்துப் பேச்சு எடுத்தால் என் வாயை நீ தைத்துவிடு.

நீ கேட்டதற்குப் பதில்: உண்டு. எல்லா நர்ஸுக்கும் உண்டு. வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்த நாட்கள் உண்டு. மறுநாள் மறுபடி அதே வார்டுக்குத்தான் போனேன். நீயும் கத்தரிக்கோலை எடு. அவன் கத்தினான், நீ விட்டாய். அதுதான் முக்கியம்.

என் மகன் வந்திருந்தான். கூடவே, அவன் கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண்ணின் போட்டோவும் வந்தது. "அம்மா, நீ பார்த்துட்டுச் சொல்லு" என்றான். முடிவு பண்ணிய பிறகு நான் என்ன சொல்ல? கண்ணாடி போடாமல் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, அதுவே நல்லது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாயை எப்போது எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டேன். "எந்த நாய்?" என்றான். நாய் வாலையாவது நிமிர்த்திவிடலாம் போல.

கோர்ட்டுக்குப் போகப் போகிறானாம். உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அத்தை

---

ஜூன் 11

அத்தைக்கு,

முதலில் ஒன்று. நீங்களே "அவன்" என்று எழுத ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. நான் அப்போதே பார்த்தேன், சொன்னால் மாற்றிவிடுவீர்கள் என்று சொல்லவில்லை.

பட்டன் நன்றாகச் சாப்பிடுகிறான், குடிக்கிறான், போகிறான். தூக்கம்தான் இல்லை. அடிவயிற்றில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, இரவெல்லாம் சொறிகிறான். களிம்பு பூசினோம், சோப்பை மாற்றினோம், சாப்பாட்டை மாற்றினோம். பிறகு எனக்கே தோன்றியது. படுக்க அவனுக்குப் போடுவதெல்லாம் வெட்டி மிஞ்சிய புதுத் துணி. கடையில் விறைப்பாக நிற்பதற்காகக் கஞ்சி ஏற்றி வைத்திருப்பார்கள். நாங்கள் தையல்காரர்கள் புதுத் துணி வெட்டினால் எங்கள் விரல் இடுக்கிலேயே அரிக்கும். எல்லாவற்றையும் இரண்டு தடவை அலசிப் போட்டேன். தடிப்பு இறங்குகிறது.

இன்று தீர்ப்பு வந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உங்கள் மகன் மெலிந்திருக்கிறார். கோர்ட் வாசலில், "பட்டன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டேன், "அம்மா சொன்னாங்க" என்றார். நாய் உனக்கே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். யாருடைய நாயை யாருக்குக் கொடுக்கிறார் பாருங்கள்!

வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எடுத்தேன். மேலே 'அத்தைக்கு' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். அவர் போனது எனக்குப் பழகிவிட்டது. நீங்களும் போய்விடுவீர்களோ என்பதுதான் காலையிலிருந்து என் பயம். எனக்கு அம்மா இல்லை. கோர்ட் தீர்ப்பில் இதற்கு ஒரு வரியும் இல்லை. உங்களை இனி அத்தை என்று கூப்பிடலாமா? கூடாதென்றால் வெட்கப்படாமல் எழுதிவிடுங்கள்.

(என்ன என்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை)

---

ஜூன் 15

என் மருமகளுக்கு,

கோர்ட்டில் பிரிந்தது நீயும் அவனும். என்னை யாராவது கூப்பிட்டார்களா? நான் எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துப் போட்டேனா? அப்புறம் என்ன கேள்வி இது.

பெண் பெறாதவள் நான். அவனைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு நீ என் ரவிக்கைக் கையைப் பார்த்து, "அத்தை, தையல் விட்டிருக்கு, குடுங்க" என்று வாங்கித் தைத்தாய். அன்றிலிருந்து நீ எனக்கு யார் என்பதை எந்த நீதிபதியிடமும் நான் கேட்கப் போவதில்லை.

கஞ்சித் துணியைக் கண்டுபிடித்தாயே, கெட்டிக்காரி. எனக்குத் தோன்றியே இருக்காது. அவன் வயிற்றை ஈரமில்லாமல் துடை.

அத்தை (எழுத்துக் கூட்டிப் படி, இரண்டு தடவை)

---

ஆகஸ்ட் 20

மருமகளுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் என் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை மிதிக்கிற வேகமே கூடிவிட்டது, நான் கேட்டுவிடுவேன் என்று பயம். பட்டனுக்கு என்ன? அவனுக்கு ஒன்றுமில்லை என்றால் உனக்கு என்ன? உடனே எழுது. சொறியோ சீழோ ஏதாவது ஒன்றை எழுது.

அத்தை

---

ஆகஸ்ட் 25

அன்பு அத்தைக்கு,

பட்டனுக்கு ஒன்றுமில்லை. அதுதான் சங்கதி. காது சுத்தம், தோல் சுத்தம், பல்லெல்லாம் விழுந்து புதுசு முளைத்தாகிவிட்டது, நாற்காலிக் காலைத் தின்பதைக்கூட நிறுத்திவிட்டான். நாலு தடவை பேனாவை எடுத்தேன். 'நன்றாக இருக்கிறான்' என்று எழுதினேன், அடுத்த வரி வரவில்லை. அவனுக்கு உடம்புக்கு வந்தால்தான் உங்களுக்கு எழுத எனக்கு ஒரு காரணம் என்று ஆகிவிட்டது. ஒருநாள் அவன் தும்மினான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

இனி உங்கள் நாலையும் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்படி வெளிக்குப் போனீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள். வரிசை மாறக் கூடாது. புது நர்ஸ் கேட்கிறேன்.

ஒரு வாரம் இங்கே வந்து இருங்களேன். பின்னறையை அலசி, பட்டனை முன்னறையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

மருமகள்

---

அக்டோபர் 30

அம்மாடி,

நீ கேட்டதற்கு உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு. குளியலறையில் விழுந்துவிட்டேன். எலும்பு உடையவில்லை, பயப்படாதே. கண்ணும் மங்கிவிட்டது, இந்த எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி கோணலாகத்தான் இருக்கும். தனியாக இருக்கக் கூடாது என்று என் மகன் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். இப்போது அவன் வீட்டில் இருக்கிறேன். அந்தப் பெண்ணும் அவனும் போன மாதம் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்.

நான் அவளை வெறுக்கத் தயாராகத்தான் வந்தேன். முடியவில்லை. என்னைக் குளிப்பாட்டுகிறாள். கால் நகத்தைத் தன் மடியில் வைத்து வெட்டுகிறாள். நான் கேட்காமலே தலையணையை உயர்த்தி வைக்கிறாள். நீ என் பழைய வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இங்கே திருப்பி அனுப்பப்பட்டு வந்தது. வாசலில் வாங்கியது அவள்தான். பின்பக்கத்தில் உன் பெயரைப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காத பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

இதற்குமேல் சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. இனி எழுதாதே அம்மாடி. உன்மேல் பிரியம் குறைந்து சொல்லவில்லை, அது உனக்குத் தெரியும், தெரியாவிட்டால் நீ என்ன மருமகள். அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, அவள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டு, உன் கடிதத்துக்குக் காத்திருக்க என்னால் ஆகவில்லை. நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள்தான்.

பட்டனுக்கு ஏதாவது என்றால் டாக்டரைக் கேள். என்னைவிட உனக்குத்தான் இப்போது அதிகம் தெரியும். நீ சாப்பிடு.

அத்தை

---

நவம்பர் 6

அத்தை,

இதுதான் கடைசி. இதையும் அவள் கையால்தான் வாங்குவீர்கள். உங்கள் கண் மங்கிவிட்டதால், படித்துக்காட்டப் போகிறவளும் அவள்தான். மறைக்க ஒன்றுமில்லை, சத்தமாகவே படிக்கட்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம். நீங்கள் சொன்னது நியாயமாக இருக்கிறது, அதனால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஒரு வாரமாக அறைக்கு அறை நடந்துகொண்டிருக்கிறேன். ஒரு வாடிக்கைக்காரரின் துணியைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். பட்டனும் என் பின்னாலேயே நடந்து அலுத்து, இப்போது நடு வாசலில் படுத்துவிட்டான்.

படிக்கிற தங்கச்சிக்கு இரண்டு வரி. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனால் இந்தக் கடிதத்தில் இல்லை. குளிர் காலத்தில் அத்தைக்கு இழுப்பு கூடும், சொல்ல மாட்டார்கள், ஜன்னல் பக்கம் போய் நின்றால் அதுதான் அறிகுறி. வெந்நீரை அவர்கள் கேட்கிறவரை காத்திருக்காதே. நகம் வெட்டுகிறாயாமே. நான் ஒருநாளும் செய்ததில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

அத்தை, இன்று காலை பட்டன் வாந்தி எடுத்தான். மஞ்சள் நுரை, பெரிய வீட்டுக்காரரின் புது வெல்வெட் துணிமேலேயே. ஈறைப் பார்த்தேன், நிறம் சரியாக இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். மத்தியானம் தட்டை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். டாக்டருக்கு போன்கூடச் செய்யவில்லை. துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, வழக்கம்போல் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். கேட்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அழுதேன்.

பதில் வேண்டாம்.

தையல்காரி